நுளம்பும் நோக்கமும்: ஒரு கிரகித்தல் பந்தியில் 12 பிள்ளைகள் இடறிய இடம்

கொழும்பின் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடிக் குடியிருப்பின் மேல்தளத்தில் சனிக்கிழமை தோறும் சிறியதொரு தமிழ் வகுப்பை நடத்தி வருகிறேன். தரம் 10 இல் பயிலும் 12 பிள்ளைகள் வருகின்றனர். பெரும்பாலானோர் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பிள்ளைகள். இருவர் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வருவோர். எழுத்துப் பிழையோ சொல்வளக் குறைவோ இவர்களிடம் பெரிதாக இல்லை. பந்தியை உரக்க வாசிக்கச் சொன்னால் நிறுத்தம் தவறாமல் வாசிப்பார்கள். அப்படியிருந்தும் கிரகித்தற் பகுதியில் ஒரேயொரு வகை வினாவுக்கு மட்டும் மாதக்கணக்காகப் புள்ளி இழந்து வந்தனர். ‘இப்பந்தியின் பிரதான நோக்கம் யாது?’ என்பதே அவ்வினா. பிழையான விடையைச் சிவப்பு மையால் வெட்டி, சரியான இலக்கத்தைப் பக்கத்தில் எழுதிக் கொடுப்பதால் எதுவும் மாறவில்லை என்பது உறைத்த பின்னர், ஒரேயொரு பந்தியை எடுத்துக்கொண்டு அதில் ஒவ்வொரு பிள்ளையும் எவ்விடத்தில் வழி தவறுகிறது என்பதைப் பொறுமையாகப் பார்ப்பதென முடிவு செய்தேன். மூன்று சனிக்கிழமைகளில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன்.

பந்தியை நானே எழுதினேன். பழைய வினாத்தாள்களிலிருந்து எடுத்தால் யாராவது ஒருவர் விடையை முன்னரே பார்த்திருப்பார் என்பது ஒரு காரணம். பந்தியின் ஒவ்வொரு வாக்கியமும் எதற்காக அங்கே நிற்கிறது என்பதை நான் ஐயமின்றி அறிந்திருக்க வேண்டும் என்பது மற்றக் காரணம். பந்தி இதுதான்:

“2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000 இற்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவாகினர். இந்நோயைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு, தெளிந்த நீர் தேங்கிநிற்கும் பாத்திரங்களின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையிடுகிறது. முட்டை முழு நுளம்பாக வளர ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் செல்லும். ஆகவேதான் கிழமைக்கு ஒருமுறை பூச்சாடித் தட்டின் நீரை ஊற்றிவிடுமாறு சொல்லப்படுகிறது. ஆனால் நீரை ஊற்றிய பின்னரும் தட்டின் ஓரத்தில் முட்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும்; ஈரமின்றியும் பல மாதங்கள் உயிரோடிருந்து, மீண்டும் நீர் பட்டதும் அவை பொரிக்கும். நீரை ஊற்றுவதோடு நில்லாமல் தட்டின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவினால்தான் அந்தச் சுழற்சி அறும்.”

விடைகள் நான்கு. முதலாவது, இலங்கையில் டெங்கு நோய் பரவிய அளவை எடுத்துக்காட்டுதல். இரண்டாவது, ஈடிஸ் நுளம்பின் வாழ்க்கை வட்டத்தை விவரித்தல். மூன்றாவது, தேங்கிய நீரை ஊற்றுவது மட்டும் ஏன் போதாது என்பதை விளக்குதல். நான்காவது, டெங்கு ஒழிப்பில் பொதுமக்கள் காட்டும் அலட்சியத்தைக் கண்டித்தல். நான் கருதிய விடை மூன்றாவது. பத்து நிமிடம் கொடுத்துத் தாள்களை வாங்கியபோது, இரண்டாவது விடையை 5 பேரும், மூன்றாவதை 3 பேரும், முதலாவதையும் நான்காவதையும் தலா 2 பேரும் தெரிவு செய்திருந்தனர்.

வழக்கமாக இந்த இடத்தில் சரியான விடையைச் சொல்லிவிடுவேன். அன்று சொல்லவில்லை. ஒவ்வொருவராக அருகே அழைத்து, “நீர் எப்படி இந்த விடைக்கு வந்தீர்? மனதில் ஓடியதை அப்படியே சொல்லும்” என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். இந்த ஆய்வில் பயனுள்ள பகுதி என்று ஏதாவது இருந்தால் அது அந்தக் குறிப்புகள்தான்.

முதலாவது விடையைத் தெரிவு செய்த இருவரும் ஏறத்தாழ ஒரே காரணத்தைச் சொன்னார்கள். பந்தியின் முதல் வாக்கியத்திலேயே கருத்து இருக்கும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதோடு பெரிய எண் ஒன்றும் அங்கே கண்ணில் பட்டது. இதை நீட்டிப் பேச ஒன்றுமில்லை. அந்த வாக்கியத்தை விரலால் மறைத்துவிட்டு மீதியை வாசிக்கச் சொன்னேன். பந்திக்கு எந்தக் குறையும் வரவில்லை என்று அவர்களே கண்டுகொண்டார்கள்.

இரண்டாவது விடையைத் தெரிவு செய்த ஐவர்தான் என்னைத் தலைகுனிய வைத்தனர். அவர்களுள் ஒரு மாணவி தன் தாளைத் திருப்பிக் காட்டினாள். பந்தியில் ‘முட்டை’, ‘நுளம்பு’ என்னும் சொற்கள் வரும் இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு, கீழே 5 என்று எழுதியிருந்தாள். “அதிக தரம் வாற சொல்லைப் பார்க்கச் சொல்லி நீங்கள்தானே சேர் சொன்னீங்கள்” என்றாள். சொன்னது உண்மை. ‘இப்பந்திக்குப் பொருத்தமான தலைப்பிடுக’ என்னும் வினாவுக்காக அந்தக் குறுக்குவழியை நான்தான் சென்ற ஆண்டு கற்பித்தேன். திரும்பத் திரும்ப வரும் சொல்லைப் பிடித்தால் தலைப்பு கிடைக்கும் என்பது பெரும்பாலும் சரி. ஆனால் அந்தக் கருவியை எந்த வினாவுக்கு எடுக்கக் கூடாது என்பதை நான் ஒருபோதும் சொல்லவில்லை. பிள்ளைகள் அதை நோக்க வினாவுக்கும் எடுத்துச் சென்றார்கள். (எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் அதிலும் அவள் தோற்றிருப்பாள்: அந்தப் பந்தியில் ‘நீர்’ 6 இடங்களில் வருகிறது. அதை யாரும் வட்டமிடவில்லை, ஏனெனில் அவர்கள் தெரிவு செய்த விடையில் நுளம்பு இருந்தது. முதலில் விடையைப் பார்த்துவிட்டு அதற்கேற்ற சொல்லைத் தேடியிருக்கிறார்கள்.)

ஆக, ஐவரும் பந்தி எதைப் பற்றியது என்ற கேள்விக்குப் பிழையில்லாத விடையையே தந்திருந்தனர். கேட்கப்பட்ட கேள்வி வேறு. எதைப் பற்றி எழுதப்பட்டது என்பதும் எதற்காக எழுதப்பட்டது என்பதும் இரண்டு என்பதை நம் மரபு நெடுங்காலத்துக்கு முன்பே பிரித்து வைத்திருக்கிறது. 13 ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் என்னும் இலக்கண நூல், சிறப்புப் பாயிரத்தில் (ஒரு நூலுக்கான முன்னுரையில்) இருக்க வேண்டியவை என எட்டை எண்ணும்போது ‘நுதலிய பொருள்’ (நூல் எடுத்துக்கொண்ட பொருள்) என்பதை ஓரிடத்திலும் ‘பயன்’ என்பதை வேறோர் இடத்திலும் வைத்து, இரண்டுக்கும் நடுவே ‘கேட்போர்’ என்பதையும் வைக்கிறது. நூலின் பயன் என்று அங்கே சொல்லப்படுவது இன்றைய வினாத்தாளின் நோக்கம் என்பதோடு இம்மி பிசகாமல் பொருந்தாது. கற்பவர் அடையும் நன்மையையே உரைகாரர் அதற்குப் பொருளாகக் கொள்வர். என்றாலும், பொருளைச் சொல்லிவிட்டால் பயனைச் சொன்னதாகாது என்ற தெளிவு அந்த வரிசையில் இருக்கிறது. என் வகுப்புக்கு உதவியது அவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள சொல், அதாவது ‘கேட்போர்’. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

நான்காவது விடையைத் தெரிவு செய்த இருவருள் ஒருவன் கொட்டாஞ்சேனையிலிருந்து வருபவன். பந்தியில் எந்தச் சொல் கண்டிக்கிறது என்று கேட்டபோது அவனால் காட்ட முடியவில்லை. சற்றுத் தயங்கிவிட்டு, முந்தைய மாதம் தங்கள் வீட்டுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்ததையும், பின்புறத்தில் கிடந்த பழைய வாளியைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கடுமையாகப் பேசியதையும் சொன்னான். நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வீட்டுக்காரர் மீது வழக்குத் தொடரலாம் என்பதை அந்த வீடு அன்றுதான் அறிந்திருக்கிறது. கொழும்பில் மழைக்காலம் வந்தால் டெங்கு பற்றிப் பேசுபவர் எல்லாரும் ஏதோ ஒரு வகையில் ஏசுகிறவராகவே ஒரு பிள்ளைக்குத் தோன்றினால் அதில் வியப்பில்லை. அவன் வாசித்தது என் பந்தியை அல்ல. அந்தப் பரிசோதகரின் குரலை. இவ்வகைப் பிழையை வாசிப்புக் குறைபாடு என்று எழுதிவிடுவது எளிது. எனக்கு அது சரியாகப் படவில்லை. எழுதியவரின் நோக்கத்தைத் தேட வேண்டும் என்ற உணர்வு அவனிடம்தான் மற்றெவரையும்விட அதிகமாக இருந்தது. தேடிய இடம் மட்டும் தாளுக்கு வெளியே அமைந்துவிட்டது.

இனி, சரியாக எழுதிய மூவர். ஒருவன் கடைசி வாக்கியத்தில்தான் முடிவு இருக்கும் என்று அதை மட்டும் வாசித்திருந்தான். இன்னொருத்தி, நான்கு விடைகளிலும் மூன்றாவதுதான் நீளமானது, நீளமான விடையே பெரும்பாலும் சரியாக வரும் என்றாள். மூன்றாமவள் மட்டுமே, “ஆனால் என்று வந்த பிறகுதான் சேர் புதுசா ஒன்று சொல்லியிருக்கு, அதுக்கு முதல் எல்லாருக்கும் தெரிஞ்சது” என்று பந்தியின் நடையைக் கொண்டு காரணம் சொன்னாள். புள்ளிப் பட்டியலில் மூவருக்கும் ஒரே புள்ளி. விளங்கி எழுதியவர் 12 பேரில் ஒருவரே என்பதைப் புள்ளிப் பட்டியல் எனக்கு ஒருபோதும் சொல்லியிருக்காது.

குறிப்புகளை அன்றிரவு மீண்டும் வாசித்தபோது, நான் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. பன்னிருவருள் ஏழெட்டுப் பேர் விடைகளைப் பற்றிப் பேசும்போது “டெங்கு பரவினது”, “நுளம்பின்ர வாழ்க்கை வட்டம்” என்று பெயர்ப்பகுதியை மட்டுமே சொன்னார்கள்; ‘எடுத்துக்காட்டுதல்’, ‘விவரித்தல்’, ‘விளக்குதல்’, ‘கண்டித்தல்’ என்னும் ஈற்றுச் சொல்லை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நோக்கம் இருப்பதோ அந்த ஈற்றுச் சொல்லில்தான். தமிழில் வினை கடைசியில் வருவதால், அவசரத்தில் வாசிக்கும் பிள்ளை பெயரைக் கண்டதும் பந்தியிலுள்ள பெயரோடு பொருத்திப் பார்த்து, பொருந்தினால் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆங்கிலத்தில் இதே வகை வினாவில் வினை முன்னால் நிற்கும். என்னிடம் முன்பு படித்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்காக எஸ்.ஏ.டி. பரீட்சைக்கு ஆயத்தமாகும் மாணவி ஒருத்தி தன் பயிற்சித் தாளை எனக்குக் காட்டியிருந்தாள். 2023 இலிருந்து அமெரிக்காவுக்கு வெளியே கணினிவழி நடத்தப்படும் அந்தப் பரீட்சையில் வாசிப்புப் பந்திகள் 25 முதல் 150 சொற்களுக்குள் அடங்கும். பந்திக்கு ஒரு வினாதான். பிரதான நோக்கத்தைக் கேட்கும் வினா அதில் தனியொரு வகையாகவே வருகிறது. அங்கே ஒவ்வொரு விடையும் விளக்க, மறுக்க, ஒப்பிட என்பன போன்ற வினையோடு தொடங்குவதால், வினை பொருந்தாத விடைகளை முதற்சொல்லிலேயே தள்ளிவிடலாம் என்றாள். தமிழ்ப் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. எனவே விடைகளைப் பின்னாலிருந்து வாசிக்கும் பழக்கத்தை நாமாகவே ஏற்படுத்த வேண்டியிருக்கிறது.

இரண்டாவது சனிக்கிழமை அதிலிருந்தே தொடங்கினேன். நான்கு விடைகளிலும் ஈற்றுச் சொல்லை மட்டும் பலகையில் எழுதி, பந்தியைப் பார்க்காமல், ஒவ்வொன்றும் எவ்வாறான பந்தியைக் கேட்கும் என்று பேச வைத்தேன். கண்டிக்கும் பந்தியில் யாரோ ஒருவர் குற்றவாளியாக நிற்க வேண்டும். விவரிக்கும் பந்தியில் ஒன்றையடுத்து ஒன்றாகப் படிகள் வரும், எதுவும் எதனோடும் முட்டாது. விளக்கும் பந்தியில் ‘ஏன்’ என்ற கேள்விக்கு விடை இருக்கும். இவற்றை நான் சொல்லவில்லை, பிள்ளைகளே சொன்னார்கள். கொட்டாஞ்சேனை மாணவன்தான், “அப்ப இதில குற்றவாளி இல்லையே” என்று முதலில் சொன்னவன்.

அதன் பின்னர் பந்தியின் ஓரத்தில், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நேராக, அந்த வாக்கியம் என்ன செய்கிறது என்று ஒரு வினைச்சொல்லை எழுதச் செய்தேன். என்ன சொல்கிறது என்றல்ல, என்ன செய்கிறது என்று. முதல் வாக்கியம் ‘அழைக்கிறது’ என்று ஒரு மாணவி எழுதினாள். ‘பயமுறுத்துகிறது’ என்று மற்றொருவன் எழுதினான். இரண்டும் எனக்குப் பிடித்தன. இரண்டாவதும் மூன்றாவதும் ‘சொல்கின்றன’. நான்காவதில்தான் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ‘ஆகவேதான்’ என்று தொடங்குவதால் அதுவே முடிவு என்று பாதிப் பேர் வாதிட்டனர். அந்த வாக்கியத்தின் ஈற்றைப் பார்க்கச் சொன்னேன்: ‘சொல்லப்படுகிறது’. யாரால்? எழுதியவரால் அல்ல. ஊரார் சொல்வதை எழுதியவர் எடுத்துச் சொல்கிறார், அடுத்த வாக்கியத்தில் அதோடு நிற்க முடியாது என்கிறார். செயப்பாட்டு வினையைத் தேர்வு இலக்கணமாக மட்டுமே அறிந்திருந்த பிள்ளைகளுக்கு, அது ஒரு கருத்திலிருந்து எழுதியவர் விலகி நிற்பதைக் காட்டக்கூடும் என்பது புதிதாக இருந்தது. கடைசி வாக்கியத்தில் ‘கழுவினால்தான்’ என்பதிலுள்ள ‘தான்’ எதை விலக்குகிறது என்று கேட்டபோது, “ஊற்றுறதை மட்டும் செய்யிறதை” என்று பல குரல்கள் ஒன்றாக வந்தன. மூன்றாவது விடை அந்த ‘தான்’ என்னும் இடைச்சொல்லிலேயே அடங்கியிருந்தது.

இங்கேதான் ‘கேட்போர்’ உதவியது. இந்தப் பந்தி யாருக்குத் தேவைப்படாது என்று கேட்டேன். டெங்கு என்றாலே என்னவென்று அறியாதவருக்கு இது போதாது. ஒன்றுமே செய்யாமல் இருப்பவருக்கு, நீரை ஊற்று என்று சொன்னாலே போதும். கிழமை தோறும் தட்டின் நீரை ஊற்றிவிட்டு, கடமை முடிந்தது என்று உள்ளே போகிறவருக்குத்தான் இது எழுதப்பட்டிருக்கிறது. கேட்பவர் இன்னார் என்று தெரிந்தவுடன், அவரிடம் ஏற்கெனவே இருப்பது எது, இல்லாதது எது என்பதும், அந்த இல்லாத ஒன்றைக் கொடுப்பதற்காகவே பந்தி எழுந்தது என்பதும் தாமாகவே வெளிப்பட்டன. எந்த இலக்கணக் குறிப்பையும்விட இந்த ஒரு கேள்வி விரைவாக வேலை செய்தது என்பதே என் எண்ணம்.

அன்று ஒரு மாணவன் என்னை மடக்கினான் என்பதையும் எழுத வேண்டும். மூன்றாவது விடையில் ‘விளக்குதல்’ என்று இருப்பது ஏன், தேய்த்துக் கழுவும்படி ‘வலியுறுத்துதல்’ என்று ஒரு விடை இருந்தால் அதுதானே சரி என்று கேட்டான். பந்தியில் ‘கழுவுக’ என்ற வியங்கோளோ ‘கழுவ வேண்டும்’ என்ற தொடரோ இல்லை, நிபந்தனைதான் இருக்கிறது, ஆகவே விளக்குதலே பொருந்தும் என்று விடை சொன்னேன். ஆனால் அவன் சொன்னதில் நியாயம் உண்டு. காரணத்தை அறிந்தவர் கழுவுவார் என்ற எதிர்பார்ப்பின்றி எவரும் அப்படியொரு பந்தியை எழுதமாட்டார். நானே எழுதியவன், எனக்கு அந்த எண்ணம் இருந்தது. இரண்டு விடைகளையும் ஒரே வினாவில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது பிள்ளையின் வாசிப்பைச் சோதிக்காது, வினா எழுதியவரின் மனத்தை ஊகிக்கச் சொல்லும். அவ்வாறான வினாக்கள் பயிற்சிப் புத்தகங்களில் நிறைய இருக்கின்றன.

அன்றைய வகுப்பின் கடைசியில், அதே நுளம்புத் தகவல்களை வைத்து நான் எழுதியிருந்த வேறு மூன்று பந்திகளைக் கொடுத்தேன். ஒன்று விவரித்தது, ஒன்று ‘கழுவுக’ என்று வேண்டியது, ஒன்று நீரை ஊற்றினால் போதும் என்னும் நம்பிக்கையை மறுத்தது. தகவல் மாறவில்லை, நோக்கம் மட்டும் மாறியது. 10 பேர் மூன்றையும் சரியாகப் பிரித்தனர். அந்த மகிழ்ச்சி ஒரு கிழமைதான் நீடித்தது.

மூன்றாவது சனிக்கிழமைக்குக் கொழும்பு டிராம் வண்டிகளைப் பற்றி ஒரு பந்தி எழுதியிருந்தேன். 1899 இல் அவை ஓடத் தொடங்கியது, கோட்டைப் பக்கத்திலிருந்து பொரளைக்கும் கிராண்ட்பாஸுக்குமாக இரு பாதைகள் இருந்தது, 1944 இல் மாநகர சபை அவற்றைப் பொறுப்பேற்றது, 1960 இல் சேவை நின்றது என்று கால வரிசையில் செல்லும் சாதாரண விவரணம். நடுவில் ஒரு வாக்கியம்: “ஆனால் தெற்கே வெள்ளவத்தைப் பக்கம் அவை ஓடியதில்லை.” ஆறு பேர், ‘நகரின் தென்பகுதி புறக்கணிக்கப்பட்டதைச் சுட்டிக்காட்டுதல்’ என்ற விடையைத் தெரிவு செய்தனர். ‘ஆனால்’ வந்தால் அதற்குப் பின்னால் வருவதே நோக்கம் என்று இரண்டே கிழமைகளில் அது புதியதொரு குறுக்குவழி ஆகிவிட்டிருந்தது. வெள்ளவத்தைப் பிள்ளைகளுக்குத் தங்கள் ஊர்ப்பெயரைக் கண்டதும் ஏற்பட்ட கவனமும் அதற்குத் துணைபோயிருக்கலாம். ஆறு பேரில் ஐவர் அங்கே வசிப்பவர்கள்.

அந்த வாக்கியத்தை விரலால் மறைக்கச் சொன்னேன். பந்தி அப்படியே நின்றது. முதல் நாள் கொடுத்த டெங்குப் பந்தியில் ‘ஆனால்’ வாக்கியத்தை மறைத்தால், கடைசி வாக்கியத்திலுள்ள ‘அந்தச் சுழற்சி’ எந்தச் சுழற்சி என்று தெரியாமல் தொங்கும் என்பதைக் காட்டினேன். இரண்டு ‘ஆனால்’களுக்கும் உள்ள வேறுபாட்டை அப்போதுதான் அவர்களும், உண்மையைச் சொன்னால் நானும், சொல்லால் பிடித்தோம்: ஒன்றில் பந்தியே அந்தச் சொல்லில் திரும்புகிறது, மற்றதில் ஒரு தகவலுக்கு எல்லை கட்டப்படுகிறது. தலைப்பு வினாவுக்கான பழைய குறிப்பைக் கொப்பியிலிருந்து நீக்கச் சொல்லவில்லை. அதற்கு மேலே, ‘தலைப்புக்கு மட்டும்’ என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

கொட்டாஞ்சேனை மாணவன் டிராம் பந்தியில் சரியான விடையை எழுதியிருந்தான். அவனுடைய தாளின் ஓரத்தில், ‘ஆனால்’ வாக்கியத்துக்கு நேராக, ‘சும்மா சொல்கிறது’ என்று இருந்தது.